பனிக்குள் ஒரு வாக்கு: ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதியில் வாக்களிக்கும் சேவை எப்படி இருந்தது?

என் அம்மாவுக்கு 82 வயது. இடது இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்தும், வெளியே நான்கு சக்கர நடைவண்டியைத் தள்ளியும் நடப்பார். 2025 பெப்ரவரி மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் அவரை, டொரொன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மால்வனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று வாக்களிக்கச் செய்துவிட்டு, திரும்பவும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அதே கிழமையில், நான் பராமரிக்கும் முதியவர் ஒருவர் தமது கட்டிலில் இருந்தபடியே வாக்களிப்பதையும் பார்த்தேன். இரண்டையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, கடையொன்றைப் பற்றி எழுதுவதுபோல எழுத விரும்புகிறேன். நம் வீடுகளில் எத்தனையோ அம்மாக்களும் ஐயாக்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

நான் 26 ஆண்டுகளாகப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் பி.எஸ்.டபிள்யூ. (Personal Support Worker) என்று சொல்வார்கள். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது சாய்தளத்தையும், கைப்பிடியையும், உட்கார ஒரு நாற்காலியையும்தான். இந்த மதிப்புரையையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

முதலில் காலநிலை. அதைச் சொல்லாமல் இந்தத் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது. சட்டப்படி அடுத்த தேர்தல் 2026 ஜூன் 4ஆம் தேதி நடந்திருக்க வேண்டும். முதலமைச்சர் டக் ஃபோர்ட், அமெரிக்காவின் வரிகளை எதிர்கொள்வதற்கு மக்களிடமிருந்து புதிய ஆணை வேண்டும் என்று கூறி, அதை 2025 பெப்ரவரி 27க்குக் கொண்டுவந்தார். 1981 மார்ச்சுக்குப் பிறகு ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் நடந்த முதல் தேர்தல் இது. செலவு ஏறத்தாழ 18 கோடியே 90 லட்சம் டொலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பெப்ரவரி 12, 13ஆம் தேதிகளில் ஒரு பனிப்புயல் வந்தது. அதை அள்ளி முடிப்பதற்குள் 15, 16ஆம் தேதிகளில் இன்னொன்று வந்தது. எங்கள் தெருவின் இரு பக்கங்களிலும் பனிக்குவியல் என் தோளுயரத்துக்கு நின்றது. நடைபாதை என்ற ஒன்று எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. தேர்தல் தேதியைத் தீர்மானித்தவர்கள், நடைவண்டி தள்ளும் ஒருவரை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கவில்லை. எந்தக் கட்சிக்காரரிடமும் இதை நேருக்கு நேர் சொல்வேன்.

எங்கள் தொகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே மால்வன், கிழக்கே விலங்குக் காட்சிச்சாலையும் ரூஜ் காடும், தெற்கே போர்ட் யூனியனில் ஒன்ராறியோ ஏரி. மாகாணத் தேர்தலில் இந்தத் தொகுதி 2018இல்தான் முதன்முதலாக வந்தது. அந்த ஆண்டு முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் விஜய் தணிகாசலம், புதிய ஜனநாயகக் கட்சியின் ஃபெலீசியா சாமுவேலை ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளால்தான் வென்றார். ஆயிரம் வாக்கு என்றால் என்ன? மால்வனில் நான் நாள்தோறும் ஏறி இறங்கும் மாடிக் கட்டடங்களில் மூன்று நான்கில் குடியிருப்பவர்களின் தொகைதான். 'என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது' என்று சொல்பவர்களிடம் அந்த எண்ணைத்தான் சொல்வேன். 2021இல் தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் நிறைவேறியதும் இந்தத் தொகுதியின் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவால்தான். அந்த உறுப்பினரை ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் இந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது நம்மைத் தொடுகிற விடயம்.

இனி அனுபவத்துக்கு வருகிறேன்.

வாக்காளர் தகவல் அட்டை அம்மாவின் பெயருக்கும் என் பெயருக்கும் தனித்தனியாக அஞ்சலில் வந்தது. அம்மா தம்முடையதை எடுத்துத் தலைமாட்டில், மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். இங்கே ஓய்வூதியக் கடிதம், குடியுரிமைச் சான்றிதழ், வாக்காளர் அட்டை ஆகிய மூன்றையும்தான் அவர் வேறு எவர் கையிலும் கொடுப்பதில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஊரில் அவர் வாக்களித்த காலத்தில் வாக்குச்சீட்டில் சின்னம் இருந்தது. 1977இல் யாழ்ப்பாணத்தில் உதயசூரியனைப் பார்த்துப் புள்ளடி போட்டதை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். இங்கே வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது. வேட்பாளரின் பெயரும் கட்சியின் பெயரும், பக்கத்தில் ஒரு வட்டமும் மட்டுமே இருக்கும். மாகாணத் தேர்தலை நடத்தும் எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ அமைப்பின் விதிப்படி உதவிக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். அவர் வாக்காளர் சொன்னபடியே குறிப்பேன், எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று அங்கே உறுதிமொழி எடுக்க வேண்டும். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் யாருக்குப் போடுகிறேன் என்பது உனக்கும் தெரியத் தேவையில்லை" என்றார்.

அதனால் ஒரு வழி செய்தோம். எங்கள் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களின் பெயர்களையும் ஒரு பெரிய தாளில், ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் தமிழில் மறுபக்கமும், கறுப்பு மையால் பெரிதாக எழுதினேன். அம்மா நான்கு இரவுகள் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பாடம் செய்தார். முதல் எழுத்தின் உருவம், பெயரின் நீளம், எத்தனையாவது வரி என்று விரலால் தடவிப் பார்ப்பார். சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் வரும் என்பதால் வரிசையையும் அவரால் மனத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. எந்த வரியில் அவர் விரல் அதிக நேரம் நின்றது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வேட்பாளரின் பிரசாரக் குழுவிலிருந்து எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். அம்மாவின் நிலையைக் கேட்டறிந்து, முன்கூட்டிய வாக்களிப்பின் முதல் நாளான 20ஆம் தேதி வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வாகனம் அனுப்புவதாக உறுதி கூறினார்கள். அம்மா பத்தரை மணிக்கே கம்பளிக் கோட்டும் பனிச் சப்பாத்தும் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. கூப்பிட்டால் தானியங்கிக் குரல்தான் பதில் சொன்னது. 12.40க்கு நான் அம்மாவின் சப்பாத்தைக் கழற்றினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நான் வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பணம் போனது பெரிதில்லை. 82 வயது மனிதர் ஒருவர் இரண்டு மணிநேரத்துக்கு மேல் கோட்டோடு காத்திருந்தார். வர முடியாவிட்டால் வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதே குழுவின் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில் 'கொ'வும் 'போ'வும் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடந்தன. நம் மொழியில் அச்சடிப்பவர்கள், அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டினால் போதும். அந்த ஒரு முறைகூட நமக்காகச் செலவிடவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் வாகனத்தைக் கொண்டுவந்தான். அவனும் நானுமாக வாசலிலிருந்து தெருவரை, நடைவண்டி போகும் அகலத்துக்குப் பனியை அள்ளினோம். உப்பும் தூவினோம். அம்மாவை ஏற்றி இறக்க இருபது நிமிடம் பிடித்தது. வழியெல்லாம் பனிக்குவியலின் உச்சியில் நீலம், சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களில் வேட்பாளர் பலகைகள் பாதி புதைந்து நின்றன.

வாக்களிப்பு நிலையம் எங்கள் வீட்டிலிருந்து வாகனத்தில் சில நிமிடத் தூரத்தில் இருந்தது. வாசலில் பனி சுத்தமாக அள்ளப்பட்டிருந்தது. கதவுக்குத் தானியங்கிப் பொத்தான் இருந்தது. உள்ளே சேற்றுநீர் தேங்காமல் பெரிய விரிப்புகள் போட்டிருந்தார்கள். ஈரத் தரையில் நடைவண்டிச் சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தேன். கதவிலிருந்து மேசைவரை நான்கு நாற்காலிகள் இடைவெளி விட்டுப் போடப்பட்டிருந்தன. யார் அதை யோசித்தாரோ, அவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்க வேண்டும்.

முதல் மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். பதினேழு வயது இருக்கும். ஒன்ராறியோவில் 16 வயதானவர்களும் தேர்தல் பணி செய்யலாம். அம்மாவின் அட்டையில் உள்ள கோட்டுக் குறியைக் கருவியில் காட்டியதும் மடிக்கணினியில் பெயர் வந்தது. அடையாளத்துக்கு அம்மா வங்கிக் கணக்கு அறிக்கையை நீட்டினார். புகைப்பட அடையாள அட்டை கட்டாயம் இல்லை. இது பலருக்குத் தெரியாது. வாக்காளர் தகவல் அட்டை தொலைந்துபோனவர்களும், பெயரும் முகவரியும் உள்ள ஆவணம் ஒன்றைக் கொண்டுபோனால் வாக்களிக்கலாம். அந்தப் பெண் அம்மாவின் பெயரை வாசித்த விதத்தில் அவள் தமிழ்ப் பிள்ளை என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். "அம்மம்மா, ஆறுதலாக வாருங்கள். நேரம் நிறைய இருக்கிறது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

அடுத்த மேசையில் வாக்குச்சீட்டை ஓர் உறைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எப்படிக் குறிப்பது என்று காட்டினார்கள். அம்மா உட்கார்ந்தே எழுதும்படி தாழ்ந்த மேசை ஒன்றில் மறைப்பு அட்டை வைத்திருந்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன். உதவி வேண்டுமா என்று ஒரு முறை கேட்டார்கள். வேண்டாம் என்று அம்மா தலையசைத்ததும் விட்டுவிட்டார்கள். மறுபடி கேட்டு அவரைப் பதற்றப்படுத்தவில்லை. பராமரிப்புத் தொழிலில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள்?

அம்மா நீண்ட நேரம் எடுத்தார். பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். எவரும் முகம் சுளிக்கவில்லை. அவர் எழுந்து, சீட்டை உறைக்குள் வைத்துத் தாமே நடைவண்டிக் கூடையில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிகாரி உறையோடு சேர்த்து எண்ணும் இயந்திரத்தின் வாயில் வைக்க, சீட்டு மட்டும் உள்ளே போனது. எவர் கண்ணிலும் குறி படவில்லை. இந்த இயந்திரங்கள் 2018 பொதுத்தேர்தலிலிருந்து பயன்பாட்டில் உள்ளன. நான் முதன்முதலாக 1995 ஜூனில் வாக்களித்தபோது சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டோம், இரவில் கையால் எண்ணினார்கள். இயந்திரம் வந்தபோது எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. ஆனால் காகிதச் சீட்டு அப்படியே பெட்டிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது, தேவைப்பட்டால் மீண்டும் எண்ணலாம் என்று தெரிந்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

வெளியே வந்து வாகனத்தில் உட்கார்ந்ததும் அம்மா கையுறையைக் கழற்றித் தம் சின்னி விரலைப் பார்த்தார். ஊரில் அந்த விரலில்தான் மை பூசுவார்கள். "மை இல்லை" என்றார். பிறகு, வீடு வரும்வரை 1981ஐப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடந்தது. அதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்புதான் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அந்தத் தேர்தலுக்கு அப்பா போக வேண்டாம் என்று தடுத்ததையும், வானத்தில் புகை கலையாமல் நின்றதையும் அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று சொன்னபோது புதிதாக ஒன்று சேர்த்தார்: "இன்றைக்கு அந்த மண்டபத்தில் துப்பாக்கியோடு ஒருவரும் நிற்கவில்லை, கவனித்தாயா?" நான் கவனிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக இங்கே வாக்களிக்கிறேன். ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை.

இரண்டாவது அனுபவம் நம்மவர்களில் பலர் அறியாதது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

நான் கிழமைக்கு ஐந்து நாள் போகும் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பார்க்கின்சன் நோய். கட்டிலை விட்டு இறங்க இரண்டு பேர் வேண்டும். இந்த முறை வாக்கு இல்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டார். எலெக்ஷன்ஸ் ஒன்ராறியோவின் தொலைபேசி எண் வாக்காளர் அட்டையிலேயே இருக்கிறது. அவருடைய மகளின் அனுமதியோடு நான் அழைத்து, வீட்டுக்கு வந்து வாக்குப் பெறும் வசதி உண்டா என்று கேட்டேன். உண்டு. தேர்தல் அலுவலகத்துக்குப் போவது முடியாத காரியமாகவோ மிகக் கடினமாகவோ இருப்பவர்களுக்கும், உடற்குறை காரணமாக உதவி தேவைப்படுபவர்களுக்கும், எழுதப் படிக்க இயலாதவர்களுக்கும் அதிகாரிகளே வீட்டுக்கு வருவார்கள். கட்டணம் இல்லை. மருத்துவமனைகளில் படுத்திருப்பவர்களுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த காலுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஐயாவிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். என்னிடமோ மகளிடமோ பேசவில்லை. நேராக ஐயாவிடமே பேசினார்கள். 26 ஆண்டுகளில், மருத்துவர்கள்கூட நோயாளியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் பேசுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவர் காது நன்றாகக் கேட்கும், அறிவு தெளிவாக இருக்கிறது, கைதான் நடுங்குகிறது என்பதை அவர்கள் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள்.

இந்தச் சிறப்பு வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரை வாக்காளரே எழுத வேண்டும். ஐயாவின் எழுத்து ஒரு காலத்தில் கரும்பலகையில் முத்து முத்தாக இருக்குமாம்; அவருடைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள். பேனாவைக் கையில் கொடுத்தபோது கை ஆடியது. உதவலாமா என்று கேட்டார்கள். முதலில் நானே முயல்கிறேன் என்றார். நானும் மகளும் அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. உள்ளே அவசரப்படுத்தும் குரல் எதுவும் கேட்கவில்லை. கதவு திறந்தபோது சீட்டு உறைக்குள் போய், உறை இன்னோர் உறைக்குள் போய் ஒட்டப்பட்டிருந்தது. ஐயா தாமே எழுதினாரா, அவர்கள் எழுதிக்கொடுத்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று அவர் மத்தியானச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். குறிப்பேட்டில் அதை எழுதினேன்.

இந்தச் சேவையில் குறை ஒன்றும் காணவில்லை. குறை நம் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் வேட்பாளர்களின் முழுப்பக்கப் படங்கள் வந்தன. கோயில்களிலும் மண்டபங்களிலும் பொன்னாடை போர்த்தினோம். வீட்டுக்கே வந்து வாக்குப் பெறுவார்கள் என்ற செய்தியை மட்டும் நான் வேலைக்குப் போகும் கட்டடங்களின் முதியோர் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் விசாரித்த ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. மாகாணம் முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடுதான். 2022இல் 44 விழுக்காட்டளவில் வந்தபோது வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவு என்று எழுதினார்கள். இந்த முறை அதைவிட ஒரு சிறிது மேல், அவ்வளவே. பாதிக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை. அவர்களில் எத்தனை பேர் வர விரும்பியும் படியிறங்க முடியாதவர்கள் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தேர்தல் நாளில் வாக்களிப்பு காலை 9 மணிமுதல் இரவு 9 மணிவரை. அந்த நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணிநேரம் ஓய்வு கிடைக்கும்படி வேலைநேரம் அமையாவிட்டால், முதலாளி அந்த நேரத்தை ஒதுக்கித்தர வேண்டும். சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. இது சட்டம். இரண்டு வேலை செய்யும் நம் பெண்கள் பலர் கேட்கவே பயப்படுகிறார்கள். கேளுங்கள்.

எவரும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கும் ஒன்ராறியோவில் ஒரு வழி உண்டு. சீட்டை வாங்கி, 'எனக்கு வேண்டாம்' என்று அதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கலாம். மறுக்கப்பட்ட வாக்கு என்று தனியாக எண்ணி வெளியிடுவார்கள். 2014இல் அப்படி ஏறத்தாழ 30,000 பேர் செய்தார்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் அதில் இரகசியம் இல்லை. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, ஆனாலும் வீட்டில் இருப்பதைவிட மேல்.

எண்ணும் ஏற்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருக்கிறது. அது மண்டபத்தில் வேலை செய்தவர்களின் தவறு அல்ல. இந்தத் தேர்தலில் லிபரல் கட்சிக்கு மாகாணத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்கு; கிடைத்தவை 14 இடங்கள். புதிய ஜனநாயகக் கட்சிக்கு 19 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. கிடைத்தவை 27 இடங்கள். முற்போக்குப் பழமைவாதக் கட்சி 43 விழுக்காட்டளவு வாக்கோடு, மொத்தம் 124 இடங்களில் 80ஐ எடுத்தது. தொகுதியில் முதலில் வருபவருக்கே எல்லாம் என்னும் முறையின் விளைவு இது. 2007 அக்டோபரில் இதை மாற்றலாமா என்று மாகாணம் முழுவதும் பொது வாக்கெடுப்பு நடந்தது. நான் மாற்றத்துக்கு வாக்களித்தேன். அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் பழைய முறையே போதும் என்றார்கள். அம்மா நான்கு இரவுகள் பாடம் செய்து போட்ட வாக்கு, வென்றவருக்குப் போயிருந்தாலும் தோற்றவருக்குப் போயிருந்தாலும், எங்கோ ஓரிடத்தில் எடை பெற வேண்டும் என்ற என் எண்ணம் இன்றும் மாறவில்லை.

27ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டோம். சில நிமிடங்களிலேயே ஆட்சி யாருக்கு என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தொகுதியில் தணிகாசலம் மூன்றாம் முறையாக வென்றார். ஸ்காபரோவின் வேறு இரண்டு தொகுதிகளான ஸ்காபரோ தென்மேற்கில் புதிய ஜனநாயகக் கட்சியின் டோலி பேகமும், ஸ்காபரோ–கில்ட்வுட்டில் லிபரல் கட்சியின் ஆண்ட்ரியா ஹேசலும் தங்கள் இடங்களைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஒரே ஸ்காபரோவுக்குள் மூன்று கட்சிகளும் வென்றன. அம்மா தம் வேட்பாளர் வென்றாரா தோற்றாரா என்று முகத்தில்கூடக் காட்டவில்லை.

அவர் கேட்டது வேறு. ஸ்காபரோ ஆர்.டி. ரயில் 2023 ஜூலை 24ஆம் தேதி தடம்புரண்டு மூடப்பட்ட பிறகு, கென்னடி நிலையத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அவருக்கு இடுப்பு குலுங்கி வலிக்கிறது. மருத்துவரைப் பார்க்கப் போவதையே குறைத்துக்கொண்டார். மூன்று நிலையங்களோடு கட்டும் சுரங்க ரயில் நீட்டிப்பு எப்போது ஓடும், அதில் தாம் ஏற முடியுமா என்று கேட்டார். வென்றவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு நான் கடிதம் எழுதப்போகிறேன். அம்மா தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே அவர் கையெழுத்தை வாங்கி அனுப்புவேன்.

மதிப்பெண் கேட்டால்: வாக்களிப்பு நிலையத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வீட்டுக்கு வந்து வாக்குப் பெறும் சேவைக்கும் ஐந்துக்கு ஐந்து. ஆறு கொடுக்க இடமிருந்தால் கொடுப்பேன். தேர்தல் வைத்த பருவத்துக்கு ஒன்று. வாகனம் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை.

தேர்தல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா, மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் தம் சிநேகிதியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த அக்காவுக்குக் கண்பார்வை குறைவு. கடைசி மூன்று தேர்தல்களிலும் வாக்களிக்கவில்லை. வாக்காளர் அட்டையில் உள்ள எண்ணை அம்மா ஒவ்வோர் இலக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அந்த அக்காவின் பேரன் அதை நாட்காட்டியின் பின்புறத்தில் தடித்த பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். "ஏழா, எட்டா, அம்மம்மா?" என்று அவன் கேட்பது எனக்கும் கேட்டது.